நாடாப்புழுவைப் பற்றி வெட்கப்படாமல் பேசுவோம்



புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலோ, அறந்தாங்கிச் சந்தையிலோ ஒருவர் வலிப்பு வந்து கீழே விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றிலும் கூட்டம் கூடும். "இரும்பு ஏதாவது கையில் கொடுங்கள்" என்று ஒருவர் கத்துவார். உடனே ஒரு சாவிக்கொத்து விழுந்தவரின் கையில் திணிக்கப்படும். இரண்டு மூன்று நிமிடங்களில் வலிப்பு நின்றுவிடும். பெரும்பாலான வலிப்புகள் அந்த நேரத்துக்குள் தாமாகவே நின்றுவிடும் என்பதை அறியாத கூட்டம், சாவிதான் நிறுத்தியது என்று நம்பிக் கலைந்து போகும். விழுந்தவர் எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போவார்.

அவர் ஏன் வெட்கப்பட வேண்டும்? காய்ச்சல் வந்தவர் வெட்கப்படுவதில்லை. கை முறிந்தவர் வெட்கப்படுவதில்லை. வலிப்பு வந்தவர் மட்டும் தலைகுனிகிறார். வீட்டார் அதை மறைக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. வலிப்பு நோய் இருப்பதையே இந்துத் திருமணச் சட்டம் திருமணத்துக்கு ஒரு தடையாகக் கருதி வந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து நீங்கியது இன்னும் நம் மனத்திலிருந்து நீங்கவில்லை.

வலிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. தலையில் அடிபடுதல், பிறக்கும்போது மூளைக்கு ஏற்படும் பாதிப்பு, மூளைக் காய்ச்சல், பரம்பரைக் காரணங்கள் என்று பட்டியல் நீளும். அவற்றுள் ஒன்று, நாம் முற்றிலும் தடுக்கக் கூடியது. அது உணவின் வழியே பரவும் ஒரு புழு நோய். அந்தப் புழு நம் ஊர்களில் இன்னும் பிழைத்திருப்பதற்கு மருந்துப் பற்றாக்குறையை விட நம்முடைய வெட்கமே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

வேலூரில் கண்டறிந்தது

1980-களில் நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளுக்கு சி.டி. ஸ்கேன் கருவி வந்தது. அதுவரை மண்டையோட்டுக்குள் மறைந்திருந்தவற்றை மருத்துவர்கள் படமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். வலிப்பு வந்த பிள்ளைகள் பலருடைய மூளையில் பட்டாணி அளவோ அதைவிடச் சிறிதோ ஆன ஒரே ஒரு வட்டப் புள்ளி தெரிந்தது. அது காசநோய்க் கட்டியாக இருக்கும் என்று பலர் கருதினார்கள். அதனால் அப்பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் காசநோய் மருந்துகள் தரப்பட்டன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அடங்கிய குழுவினர், அறுவை சிகிச்சையில் எடுத்த இத்தகைய புள்ளிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்தது காசநோய்க் கிருமி அல்ல. ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம், அதாவது இறந்து கொண்டிருந்த புழுக்குஞ்சு! 1989-இல் அவர்கள் இதை 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காசநோய் மருந்தே தேவையில்லை, வலிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால் பல புள்ளிகள் சில மாதங்களில் தாமே மறையும் என்பது இதனால் தெளிவாயிற்று.

பின்னர் இதே கல்லூரியினர் வேலூர் மாவட்டத்தில், கணியம்பாடி வட்டாரக் கிராமங்களையும் சேர்த்து, வீடு வீடாகச் சென்று 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடம் வலிப்பைப் பற்றி விசாரித்தார்கள். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நான்கு பேர் வலிப்பு நோயுடன் வாழ்ந்து வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழுதான். 2006-இல் வெளிவந்த முடிவு இது. வேலூரில் நடந்ததால் அது வேலூரின் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். தேடியவர்கள் அங்கே இருந்தார்கள், கண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனமும், இந்நோய் உள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு இதுவே காரணம் என்று கூறுகிறது.

ஒரு புழு, இரண்டு நோய்கள்

இந்தப் புழுவின் பெயர் டீனியா சோலியம். நம் பாட நூல்கள் பன்றி நாடாப்புழு என்று சொல்லும். பெயரிலேயே பன்றி வந்துவிட்டதால் பழியெல்லாம் பன்றியின் தலையில் விழுந்துவிட்டது. உண்மையில் இதன் வாழ்க்கையைப் பாருங்கள்.

வளர்ந்த நாடாப்புழு வாழ்வது மனிதக் குடலில் மட்டுமே. வேறு எந்த விலங்கின் குடலிலும் அது இயற்கையாக முழு வளர்ச்சி அடைவதில்லை. இரண்டு முதல் நான்கு மீட்டர் நீளம் வரை வளரும். தலையிலுள்ள கொக்கிகளால் குடல் சுவரைப் பற்றிக் கொண்டு, நாம் செரித்த உணவைத் தன் உடல் முழுவதாலும் உறிஞ்சும். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் உடல் நூற்றுக்கணக்கான கண்டங்களால் ஆனது. கடைசிக் கண்டங்கள் முதிர்ந்து அறுந்து மலத்துடன் வெளியேறும். ஒரு கண்டத்தில் 50,000 முட்டைகள் வரை இருக்கலாம். ஒரு முட்டை மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. ஈரமண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். குடிநீரில் கலக்கும் குளோரினுக்கும் அது எளிதில் மசியாது.

திறந்த வெளியில் கழித்த மலத்தைப் பன்றி தின்றால், முட்டைகள் பன்றியின் குடலில் பொரிகின்றன. ஆறு கொக்கிகள் கொண்ட நுண்ணிய கரு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசையில் தங்கி, இரண்டு மூன்று மாதங்களில் வெண்மணி போன்ற நீர்ப்பையாக மாறுகிறது. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் உண்ட மனிதனின் குடலில் நீர்ப்பையிலிருந்து தலை நீட்டிப் புதிய நாடாப்புழு வளர்கிறது. இது முதல் நோய். பெரும்பாலும் தொல்லை குறைவு. சிலருக்கு லேசான வயிற்று உபாதை. பலருக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது நோய்தான் கொடியது. அதே முட்டையை மனிதன் விழுங்கினால் என்ன ஆகும்? பன்றியின் உடலில் நடப்பது அனைத்தும் மனித உடலில் நடக்கும். கரு இரத்தத்தில் கலந்து தசைக்கும், கண்ணுக்கும், மூளைக்கும் போகும். மூளையில் நீர்ப்பை ஆண்டுக் கணக்கில் ஓசையின்றிக் கிடக்கும். அது சாகத் தொடங்கும்போது நம் உடலின் பாதுகாப்புப் படை விழித்துக் கொண்டு போரிடும். அந்த வீக்கம்தான் வலிப்பாக வெளிப்படுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். நீர்ப்பை உள்ள கறியைத் தின்றால் குடலில் புழு வரும். மூளையில் நீர்ப்பை வருவதற்கோ கறி தின்ன வேண்டியதே இல்லை! புழுவுள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து ஒரு முட்டை, கழுவாத கை வழியாகவோ, கழுவாத கொத்துமல்லி வழியாகவோ, ஊருணித் தண்ணீர் வழியாகவோ வாய்க்குள் போனால் போதும்.

"நாங்கள் பன்றிக்கறியே தொடுவதில்லையே!"

இந்நோயைப் பற்றிச் சொன்னவுடன் பலர் கூறும் பதில் இது. அவர்களுக்காகவே நியூயார்க் நகரத்தில் ஒரு சம்பவம் நடந்திருக்கிறது.

1990, 1991-ஆம் ஆண்டுகளில் அந்நகரில் நான்கு யூதர்களுக்கு வலிப்பு வந்தது. நால்வர் மூளையிலும் இதே நீர்ப்பைகள். அவர்கள் மதக் கட்டுப்பாட்டை இம்மியும் மீறாத வைதிக யூதர்கள். பன்றி இறைச்சி அவர்களுடைய சமையலறை வாசலைக்கூட மிதித்ததில்லை. அப்படியானால் புழு எப்படி வந்தது? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் துப்பறிந்தார்கள். அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள், இப்புழு மிகுந்த லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். சோதித்ததில் அவர்களுள் ஒருவருடைய குடலில் நாடாப்புழு இருந்தது. இன்னொருவரின் இரத்தத்தில் அதன் அறிகுறி இருந்தது. 1992-இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது மருத்துவ உலகமே வியந்தது.

இதைப் படித்துவிட்டு, "வேலைக்காரர்தான் குற்றவாளி" என்று முடிவு கட்டினால் நீங்கள் பாடத்தைத் தவறவிட்டீர்கள். தன் குடலில் புழு இருப்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. யாரும் அவரைச் சோதித்ததில்லை; மருந்து தந்ததில்லை. நோய்வாய்ப்பட்டவர் அவர், மற்றவர்கள் அவருக்குப் பிறகு நோய்வாய்ப்பட்டவர்கள். அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் சைவ உணவு மட்டுமே உண்பவர்களில் பலர் இந்நோயுடன் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதே சமயம், பன்றி இறைச்சி உண்போர் கணிசமாக உள்ள கேரளத்தில் இந்நோய் குறைவு என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருகிறார்கள். பன்றி இறைச்சியை விரும்பி உண்ணும் ஜெர்மனியிலோ இப்புழு ஏறத்தாழ மறைந்தேவிட்டது. அங்கெல்லாம் என்ன மாறியது? கழிப்பறை வந்தது, பன்றி தொழுவத்துக்குள் போனது, இறைச்சிப் பரிசோதனை வந்தது. கறியை விடவில்லை, மலத்தை மண்ணில் விடுவதை விட்டார்கள்.

தீக்காயமாக வந்த நோய்

காலரா ஓர் ஊரில் நுழைந்தால் மறுநாளே தெரிந்துவிடும். இந்நோய் அப்படியல்ல. இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் தாய்நாடு திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வலிப்பு வருவதை 1930-களில் அந்நாட்டு இராணுவ மருத்துவர்கள் கவனித்தார்கள். சிலருக்கு நாடு திரும்பிச் சில ஆண்டுகளில் வந்தது. சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. விதைத்த நாளும் முளைத்த நாளும் இவ்வளவு தொலைவாக இருந்தால், யார்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்?

முடிச்சுப் போடத் தவறினால் விளைவு என்ன என்பதற்கு நியூகினித் தீவின் மேற்குப் பகுதியில் நடந்த துயரம் ஒரு சான்று. அங்கே மலைப் பகுதி ஏரிக்கரைகளில் எகாரி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். பன்றி அவர்களுடைய செல்வம்; விருந்துக்கும் திருமணத்துக்கும் அதுவே சிறப்பு. ஆயினும் இந்தப் புழுவை அவர்கள் அறிந்ததில்லை. 1970-களின் தொடக்கத்தில் இந்தோனேசிய அரசு பாலித் தீவிலிருந்து அவர்களுக்குப் பன்றிகளைப் பரிசாக அனுப்பியது. பரிசோடு புழுவும் போனது.

சில ஆண்டுகளில் அங்கிருந்த மருத்துவமனைக்குக் கொடிய தீக்காயங்களுடன் மக்கள் வரத் தொடங்கினார்கள். ஏன் இத்தனை தீக்காயங்கள்? மலைக் குளிருக்காகக் குடிசை நடுவே தீ மூட்டி, அதைச் சுற்றிப் படுத்து உறங்குவது அவர்கள் வழக்கம். இரவில் வலிப்பு வந்தவர்கள் அந்தத் தீயில் விழுந்தார்கள். நினைவில்லாததால் கையைக் காலை இழுத்துக் கொள்ளவும் இல்லை. தீக்காயத்துக்கு மருந்து போட்ட மருத்துவர்கள், அதன் பின்னால் வலிப்பும், வலிப்பின் பின்னால் புழுவும் இருப்பதைப் படிப்படியாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊரில் அந்தத் தீயின் இடத்தில் கிணறு இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, விறகடுப்பு இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. "தவறி விழுந்துவிட்டான்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும் விபத்துகளில் சிலவற்றுக்குப் பின்னால் மருந்து தரப்படாத வலிப்பு இருக்கக்கூடும் அல்லவா?

போதாத இரண்டு வைத்தியங்கள்

சுகாதாரம் என்ற பேச்சு எழுந்தாலே நம் ஊர்களில் முதலில் நடப்பது பன்றி பிடிக்கும் வேலை. தெருவில் திரியும் பன்றிகளைப் பிடிப்பது நல்லதுதான். ஆனால் பன்றி இந்தப் புழுவைத் தானே உண்டாக்குவதில்லை. நாம் வெளியில் விட்டதைத் தின்று அது நோயைப் பெற்றுக் கொள்கிறது. பன்றிகளைப் பிடித்துச் சென்ற பிறகும், குடலில் புழுவுள்ள ஒருவர் வாய்க்கால் கரையில் ஒதுங்கிக் கொண்டிருந்தால் முட்டைகள் கீரைப் பாத்திக்குப் போய்க் கொண்டேதான் இருக்கும். பன்றி வளர்ப்பவர்களை ஏசுவதால் ஒரு முட்டைகூடக் குறையாது. அவர்கள் அடைத்து வளர்க்க இடமும், இறைச்சியைப் பரிசோதிக்க ஏற்பாடும் செய்து தருவதே பயனுள்ள வழி.

இரண்டாவது, பள்ளியில் தரும் பூச்சி மாத்திரை. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கியபோது முதற்கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அன்று தரும் ஆல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றுக்கு நல்ல மருந்து. அதைத் தவறாமல் விழுங்குங்கள். ஆனால் ஒரு மாத்திரையால் நாடாப்புழு நிச்சயம் போய்விடும் என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு மருந்துகள் உண்டு. ஒரே வேளையில் வேலை முடிந்துவிடும். அவற்றை மருத்துவர்தான் தர வேண்டும். ஏனெனில் மூளையில் நீர்ப்பை இருப்பவருக்குச் சில புழு மருந்துகள் வலிப்பைத் தூண்டிவிடக் கூடும். கடையில் தானே வாங்கி விழுங்கும் விஷயம் அல்ல இது.

ஒரு நோயாளி, ஒரு வீடு

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? என் யோசனை எளிது. ஒரு பிள்ளையின் மூளையில் நீர்ப்பை இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. முட்டை கொடுத்தவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். பெரும்பாலும் அவர் அருகிலேயே இருப்பார்: அதே வீட்டில், அடுத்த வீட்டில், சமைப்பவர்களில், சில சமயம் நோயாளியே கூட. சுகாதாரப் பணியாளர் அந்த வீட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் சென்று மலப் பரிசோதனை செய்து, புழு உள்ளவருக்கு மருந்து தர வேண்டும். ஓர் ஊரில் இரண்டு மூன்று பேருக்கு வலிப்பு என்றால் ஊர் முழுவதையும் பார்க்க வேண்டும். டெங்கு வந்த தெருவில் கொசுப் புழுவைத் தேடுகிறோமே, அது போல.

இது நடக்கக் கூடியதுதானா? பெரு நாட்டின் வடக்கே தும்பெஸ் பகுதியில் செய்து காட்டினார்கள். 107 கிராமங்களில் மக்களுக்கும் பன்றிகளுக்கும் மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். 105 கிராமங்களில் புழுவின் சங்கிலி அறுந்தது. 2016-இல் இந்த முடிவு வெளியாயிற்று. அந்தத் தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவானது; அதை வணிக முறையில் தயாரிப்பது எங்கே தெரியுமா? நம் ஐதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம்! மருந்து இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, வழியும் தெரிகிறது.

தடுப்பூசியும் மருந்தும் இல்லாமலே நாம் வென்ற புழுவும் ஒன்று உண்டு. உங்கள் தாத்தா பாட்டியிடம் நரம்புச் சிலந்தி பற்றிக் கேளுங்கள். குடிநீரிலிருந்த நுண்ணிய உயிரி வழியே உடலுக்குள் போய், ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளமாகி வெளிவந்த நீண்ட புழு அது. 1984-இல் இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேருக்கு அது இருந்தது. நோய் கண்ட ஏழு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. குடிநீரைத் துணியில் வடிகட்டுதல், படிக்கிணற்றில் கால் நனைக்காமை, நோயாளியை உடனே கண்டறிதல், இவையே ஆயுதங்கள். 1996-இல் இராஜஸ்தானில் கடைசி நோயாளி. 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் அளித்தது. நரம்புச் சிலந்தியில் ஒரு வசதி இருந்தது: காலில் தொங்கும் புழுவை ஒளிக்க முடியாது. நாடாப்புழுவை ஒளிக்க முடியும். ஒளிக்கிறோம்.

மலத்தில் வெள்ளைப் பட்டையாக ஏதோ வருவதைக் கண்ட ஒருவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் சிரிப்பார்கள். "எதைத் தின்றாய்?" என்று கேட்பார்கள். சாதியைத் தோண்டுவார்கள். உணவு விடுதியில் சமைப்பவரானால் வேலையே போய்விடும். ஆகவே அவர் சொல்ல மாட்டார். ஒரே வேளை மருந்தில் தீரக் கூடியது ஆண்டுக் கணக்கில் அவர் குடலில் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும். கேலி செய்பவனும் அந்த ஊரில்தான் சாப்பிடுகிறான் என்பதை அவன் மறந்துவிடுகிறான்.

இந்த மாவட்டத்துக்கு வெட்கத்தை வென்ற அனுபவம் உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஆதரவோடு, எழுத்தறிவுடன் சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று முதலில் தெருவில் கேலி எழாமல் இல்லை. ஒரு பெண் ஓட்டியிருந்தால் அந்தக் கேலி அவளை வீட்டுக்குள் முடக்கியிருக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் திறனைக் காட்டினார்கள். கேலி செய்ய ஆளில்லாமல் போயிற்று. தனியாக நின்றால் வெட்கம். எல்லோரும் நின்றால் வழக்கம். மலப் பரிசோதனைக்கும் இது பொருந்தும். ஊரில் ஒருவரை மட்டும் அழைத்துப் பரிசோதித்தால் அவமானம். ஆசிரியர், தலைவர், கடைக்காரர் என்று ஊரே டப்பாவைக் கொடுத்தால் யாருக்கு என்ன அவமானம்?

நீங்கள் செய்யக் கூடியவை

பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் சொன்னேன். உங்கள் கையில் இருப்பவை எவை?

முதலாவது, கை. மலம் கழித்த பின்பும், உண்பதற்கு முன்பும், சமைப்பதற்கு முன்பும் சோப்புப் போட்டு நகக் கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். உங்கள் பள்ளியில் கழிப்பறைக்கு அருகே எத்தனை குழாய்கள் உள்ளன, அவற்றில் எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனை இடத்தில் சோப்பு இருக்கிறது என்று ஒரு வாரம் எண்ணிக் குறித்து, அந்தக் கணக்கைத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். கோபமாகப் பேசுவதை விட எண்ணிக்கை நன்றாகப் பேசும்.

இரண்டாவது, பச்சையாக உண்பவை. வெள்ளரி, காரட், கொத்துமல்லி, புதினா, பச்சடிக்கான வெங்காயம் ஆகியவற்றை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு நீரில் ஊற வைத்தால் முட்டை செத்துவிடும் என்று நம்பாதீர்கள். தேய்த்து அகற்றுவதே வழி. சந்தேகமான நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கொதிநீரில் முட்டை பிழைக்காது. பன்றி இறைச்சி உண்பவரானால் உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேகட்டும்.

மூன்றாவது, கழிப்பறை. கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. உங்கள் வீடு அப்படியானால் விறகுக்கு வேறு இடம் பாருங்கள்.

நான்காவது, வலிப்பு வந்தவருக்கு உதவி. சாவி வேண்டாம், இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்திலிருக்கும் கல், மேசை முதலியவற்றை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மடித்த துணியை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் மூச்சுக் குழலுக்குள் போகாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, மீண்டும் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். முதன்முறையாக வலிப்பு வந்தவர் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் போயாக வேண்டும். வலிப்பு மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருத்துவர் சொல்லாமல் அவற்றை நிறுத்தக் கூடாது.

ஐந்தாவது உங்கள் நாக்கு. உங்கள் வகுப்பில் ஒரு மாணவிக்கு வலிப்பு இருந்தால் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அது எச்சிலால் தொற்றாது, தொட்டாலும் தொற்றாது. அவள் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால், நின்றது ஏன் என்று கேட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது மலத்தில் வெள்ளைப் பட்டை தெரிந்தால், முகம் சுளிக்காமல், "ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை மூளைகளைக் காப்பாற்றும் என்று யாராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. காப்பாற்றப்பட்டவர்களுக்கே அது தெரியாது. தடுப்பு மருத்துவத்தின் புகழ் அவ்வளவுதான். அதற்காக அதைச் செய்யாமல் இருக்கலாமா?